மதுரைக்கு ஒரு வழி வண்டி

செந்தூர்பாண்டி பொய் சொல்லுகிறான் என்பது, அவன் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே பெர்சிஸுக்குத் தெரிந்துவிட்டது. எதற்காகச் சொல்லுகிறான் என்பதுதான் தெரியவில்லை.

இருபத்தெட்டு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, கூண்டில் ஏறியவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவள் அவள். உண்மை சொல்லுகிறவன் நடுவில் தடுமாறுவான், திருத்துவான், ‘இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி’ என்பான். பொய் சொல்லுகிறவனுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. பென்சில் வழுக்கிக்கொண்டு போகும். செந்தூர்பாண்டியின் பேச்சு அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போனது.

“காலையில ஆறு மணிக்கு ஜங்ஷன் ஓட்டல்ல சாரை ஏத்துனேன். ஒம்பது மணிக்கு மதுரை ஏர்போர்ட்ல இறக்கினேன். பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். உள்ள போயிட்டாரு. அவ்வளவுதாம்மா.”

“வழியில என்ன பேசினாரு?”

“ஒரு வார்த்தை பேசல. ஏறுனதும் கண்ணை மூடினவருதான், மதுரையிலதான் முழிச்சாரு.”

சொல்லிவிட்டு, நனைத்த துணியால் காரின் முன்கண்ணாடியை மறுபடியும் துடைத்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சந்தன மாலை போட்ட சின்னப் படம் ஒன்று. மீசை வைத்த ஒரு பெரியவர். கீழே ‘மறைவு 2021’ என்று எழுதியிருந்தது.

“அப்பாவா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

இந்த ஒரு பதிலை மட்டும் அவன் தயங்கித்தான் சொன்னான்.

பக்கத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்ற தாஜ் முகம்மது தாடியைச் சொறிந்தான். பதினாறு வருடம் சார்ஜாவில் டாக்சி ஓட்டிவிட்டு மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்தவன். ஆறு வருடமாக, பெர்சிஸின் துப்பறியும் வேலையில் உதவியாளன். ஆள் நடமாட்டம் பார்ப்பது அவன் வேலை. வாயை மூடாமல் இருப்பது அவன் பொழுதுபோக்கு.

“தூங்குததுக்குன்னு மூணு மணி நேரம் தனி வண்டி பிடிச்சவரு உலகத்துலயே அவரு ஒருத்தராத்தான் இருக்கணும்க்கா,” என்றான். “அதுக்கு லாட்ஜ்ல ரூம் போட்டா கட்டிலாவது இருக்கும்.”

காணாமல் போனவர் பெயர் இஸ்ரவேல். வயது எழுபத்தொன்று. மனைவி இறந்தபின் பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருந்தவர். மகன் எபனேசர் மெல்போர்னில் இருக்கிறான்; அப்பாவைத் தேடித் தரும்படி பெர்சிஸை அமர்த்தியவன் அவன்தான். வீட்டை விற்றாயிற்று; கடைசி இரவு அவர் ஜங்ஷன் ஓட்டலில் தங்கினார். சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பார்த்து, மதுரையிலிருந்து விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, திருநெல்வேலியிலிருந்து மதுரை விமான நிலையம் வரை ஒரு வாடகைக் காரும் மெல்போர்னில் உட்கார்ந்தபடியே பதிவு செய்திருந்தான் மகன். ஒன்பது நாளைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கார் வந்தது. அவர் ஏறினார். விமானத்தில் அவருடைய இருக்கை காலியாகவே போனது. புதன்கிழமையிலிருந்து அவருடைய செல்போனும் அணைந்து கிடக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தவன் செந்தூர்பாண்டி. இன்று சாயங்காலத்துக்குள் தகவல் இல்லையென்றால் அவன் பெயரைப் போட்டே போலீஸில் புகார் கொடுக்கப்போவதாக எபனேசர் நேற்று போனில் சொல்லியிருந்தான். “இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறவர் மேடம். ஒன்பது நாள். எனக்கு வேற வழி தெரியல.”

அதற்குள் முத்தாறு டிராவல்ஸ் முதலாளி பெருமாள்ராஜ் ஆபீசுக்குள்ளிருந்து செல்போனும் கையுமாக வந்துவிட்டார்.

“இந்தப் பயலை எதுக்கும்மா போட்டு வறுக்கிய? இங்கன பாருங்க. அன்னைக்குச் சாயங்காலம் அந்த சாரே எங்க நெட் பக்கத்துல அஞ்சு ஸ்டார் போட்டிருக்காரு. காணாமப் போனவரு ஸ்டார் போடுவாரா?”

“என்ன எழுதியிருக்காரு அண்ணாச்சி?”

“அதை யாரு படிச்சா? அஞ்சு ஸ்டாரு. அது போதாதா?”

பெர்சிஸ் அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டாள். அவள் திரும்பும்போது செந்தூர்பாண்டி துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த கண். ஆனால் அது குற்றம் செய்தவனின் பயமா, வேலை போய்விடும் என்ற பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வண்ணார்பேட்டை பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். கீழே தாமிரபரணி அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே நல்ல மழை. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. பெர்சிஸ் கைப்பையிலிருந்து மகன் அனுப்பிய பதிவுச் சீட்டின் அச்சை எடுத்து மேஜையில் விரித்தாள். மூன்று நாளாக இதைப் பார்க்கிறாள். தேதி, நேரம், வண்டி எண், ஓட்டுநர் பெயர் எல்லாம் மனப்பாடம். அடியில் ‘சிறப்புக் குறிப்பு’ என்று ஒரு கட்டம். அதில் மகன் தமிழில் ஒரு வரி தட்டியிருந்தான்.

‘அப்பா ரொம்பப் பேசுவார். ஓட்டுநர் பொறுத்துக்கொள்ளவும்.’

அதன்மேல் விரலை வைத்தாள். “பெத்த மகனே முன்கூட்டி மன்னிப்புக் கேக்கிற அளவுக்குப் பேசுதவரு. அவரு மூணு மணி நேரம் வாயே திறக்கலயாம்.”

“சீட்டு ஒண்ணு சொல்லுது, டிரைவர் ஒண்ணு சொல்லுதான்,” என்றான் தாஜ். “எனக்குச் சீட்டு மேலதான் நம்பிக்கை. அதுக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்லல்லா.”

“இப்ப இதைப் படி.” தன் செல்போனை அவன் பக்கம் திருப்பினாள்.

தாஜ் சத்தமாகப் படித்தான். “‘ஓட்டுநர் தம்பி பத்திரமாக வண்டி ஓட்டினார். வழி நெடுக ஆறு கூடவே வந்தது. இவ்வளவு தண்ணீர் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. வண்டி சுத்தம். இஸ்ரவேல்.’ நல்லாத்தான எழுதியிருக்காரு?”

“மதுரை ரோட்டுல ஆறு எங்கன இருக்கு தாஜு?”

தாஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அந்தச் சாலையில் அவன் நூறு தடவை ஓட்டியிருக்கிறான். “கங்கைகொண்டான்ல ஒரு பாலம் வரும். அரை நிமிஷம். அப்புறம் கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர்... பூராவும் கரிசக்காடுதான்.”

“வழி நெடுக ஆறு கூட வரணும்னா?”

“மேற்க போகணும். சேரன்மாதேவி, பத்தமடை, முக்கூடல்...” அவன் குரல் இறங்கியது. “அக்கா, அப்ப மதுரைக்கே போகலயா?”

பெர்சிஸ் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஆற்றில் இதைவிட அதிகமாகவே ஓடியிருக்கும். தனி ஆள். கேட்பாரில்லை. வண்டிக்குள் இருந்த இன்னொருவன் பொய் சொல்லுகிறான். கோர்ட்டில் இந்த மாதிரிக் கதைகளை அவள் எழுதியிருக்கிறாள். அவற்றின் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்த மகனாவது இரண்டாவது நாளே தேடத் தொடங்கிவிட்டான். முருகன்குறிச்சியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிற பெர்சிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காரில் ஏறிக் காணாமல் போனால், முதலில் தேடுகிறவர் பால் பாக்கெட் போடுகிறவராகத்தான் இருப்பார். வாசலில் மூன்று பாக்கெட் சேர்ந்தபிறகு. அந்த நினைப்பை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“நஸீமா போன் எங்க?” என்று கேட்டாள். நஸீமா தாஜின் மனைவி.

“எங்கிட்டதான். டிஸ்பிளே மாத்தக் கொண்டுவந்தேன். மாத்தாம வீட்டுக்குப் போனா என்னை மாத்திருவா.”

“அதுலருந்து ஒரு வண்டி புக் பண்ணு. முத்தாறு டிராவல்ஸ். ஜங்ஷன்லருந்து மதுரைக்கு, ஒரு வழி. பதினோரு மணிக்கு. குறிப்புல ‘ஓட்டுநர் செந்தூர்பாண்டிதான் வேணும்’னு போடு.”

“மதுரைக்கு எதுக்குக்கா?”

“ரோட்டுல நின்னு கேட்டா துணியைப் போட்டுட்டுப் போயிருவான். ஓடுத வண்டியில டிரைவர் எங்க போவான்?”

தாஜ் தலையை ஆட்டினான். “போலீஸ்காரனுக்கு லாக்கப். உங்களுக்குத் தனி கார், அதுவும் ஏசியோட.”

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வெள்ளைக் கார் ரயில் நிலைய வாசலுக்கு வந்து நின்றது. நஸீமா என்ற பெயரைத் தேடி இறங்கிய செந்தூர்பாண்டி, பெர்சிஸைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

“நீங்களா?”

“நாங்களும் மதுரைக்குப் போகக் கூடாதா?” என்றாள் அவள்.

தாஜ் முன்கதவைத் திறந்தான். முன்சீட்டில் மடித்த துண்டு ஒன்று முதுகுக்கு அண்டக் கொடுத்த மாதிரி கிடந்தது.

“அண்ணே, நீங்க பின்னால உக்காருங்க,” என்றான் செந்தூர்பாண்டி அவசரமாக. “முன்சீட்டு... பெல்ட்டு சரியில்ல.”

“பெல்ட்டு சரியில்லாத சீட்டுக்கு மெத்தை விரிச்சு வச்சிருக்கீரே வே?”

தாஜ் பின்சீட்டில் பெர்சிஸுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். மூவருமாகக் கிளம்பினார்கள். தச்சநல்லூர் தாண்டும்வரை பெர்சிஸ் ஒன்றும் பேசவில்லை. சும்மா இருப்பது எதிராளியை எவ்வளவு பாடுபடுத்தும் என்று அவளுக்குத் தெரியும். செந்தூர்பாண்டி மூன்று தடவை கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“சார் பேசவே இல்லன்னிய. சீட்டுல ரொம்பப் பேசுவாருன்னு போட்டிருக்கு,” என்று பைய ஆரம்பித்தாள். “மதுரைக்குப் போனேன்னிய. சார் ஆத்தைப் பாத்தேன்னு எழுதியிருக்காரு. உங்க வீடு எங்கன?”

“முக்கூடல்.”

“ஆத்தங்கரை ஊரு.”

“அம்மா, நான் யாரையும் ஒண்ணும் செய்யல.” அவன் குரல் உடைந்தது. “என் பிள்ளைக மேல சத்தியமா.”

“அப்ப அவரு எங்க?”

செந்தூர்பாண்டி உதட்டைக் கடித்துக்கொண்டான். பின்சீட்டில் தாஜ் தன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று சிரித்துவிட்டான்.

பெர்சிஸ் முறைத்தாள். “இப்ப என்ன சிரிப்பு?”

“இல்லக்கா, இவரு வண்டிக்கு வேற யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தேன். கேளுங்களேன். ‘ஓட்டுநர் நல்லவர். முன்சீட்டில் வந்த அவர் அப்பா கயத்தாறிலிருந்து திருமங்கலம் வரை வாய் ஓயவில்லை. மூன்று ஸ்டார்.’ இது சனிக்கிழமை. இன்னொண்ணு திங்கக்கிழமை. ‘ஓட்டுநரின் அப்பா மஸ்கட்டில் கிட்டங்கிக்குள் பாம்பு வந்த கதை சொன்னார். என் இரண்டு குழந்தைகளும் வழி முழுக்க அழவே இல்லை. ஐந்து ஸ்டார்.’ பெருமாள்ராஜ் அண்ணாச்சி ஸ்டாரை எண்ணுவாரே ஒழிய எழுத்தைப் பாக்க மாட்டாரு போல. நல்ல பிள்ளை வே நீரு. இந்தக் காலத்துல அப்பனை யாரு வண்டியில கூட்டிட்டு...”

அவனே நிறுத்திக்கொண்டான்.

பெர்சிஸ் முன்னால் குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த சந்தன மாலையைப் பார்த்தாள். மறைவு 2021.

“எந்த அப்பா?” என்றாள்.

தாழையூத்து வந்துகொண்டிருந்தது. சாலையோரப் பஸ் நிறுத்தத்தில், நிழற்குடைக்கு வெளியே, வெயிலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் துணிப்பை, தோளில் ஒரு தண்ணீர் பாட்டில். தூரத்திலேயே வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினார்.

செந்தூர்பாண்டி நேராகப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டினான். கார் அவரைக் கடந்து போயிற்று.

பெர்சிஸ் சட்டென்று பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் கையை இறக்கவில்லை. வண்டி தவறுதலாகப் போய்விட்டது, இதோ நின்றுவிடும் என்று நம்புகிறவர் மாதிரி இரண்டு அடி சாலைக்குள் வந்து, தூக்கிய கையோடு நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது. அப்போதும் கை இறங்கவில்லை.

“நிறுத்துங்க,” என்றாள். “தம்பி, நிறுத்துங்க. பாவம், வெயில்ல நிக்காரு.”

வண்டி ஓரம் கட்டியது. செந்தூர்பாண்டி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

பெரியவர் மூச்சு வாங்க நடந்து வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். துண்டைச் சரியாக முதுகுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டார். பின்னால் திரும்பிக் கும்பிட்டார்.

“வணக்கம்மா, வணக்கம் தம்பி. நான் பாண்டிக்கு அப்பா. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லியே? நீங்களும் ஆஸ்பத்திரிக்கா, விசேஷத்துக்கா? மதுரையில இப்ப...”

“இஸ்ரவேல் சார்,” என்றாள் பெர்சிஸ்.

அவர் பேச்சு நின்றது. செந்தூர்பாண்டியைப் பார்த்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அவர் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

“பாண்டி மேல தப்பில்ல. நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்.”

“தெரியும். என்ன நடந்துதுன்னு மட்டும் சொல்லுங்க.”

வண்டி மறுபடி நகர்ந்தது. அவர் சொல்லவில்லை. செந்தூர்பாண்டிதான் சொன்னான்.

“அன்னைக்கு ஏறுனதுலருந்து சார் கம்முனு வந்தாரும்மா. நிஜமாவே ஒரு வார்த்தை பேசல. வீட்டை விட்டுட்டுப் போறாருல்லா. நான் புத்தி கெட்டவன், சிரிக்க வைக்கலாம்னு நெனச்சு, ‘என்ன சார், ரொம்பப் பேசுவீங்கன்னு உங்க மவன் எழுதியிருக்காரு, ஒண்ணையும் காணமே’ன்னு கேட்டுப்புட்டேன். எங்கன எழுதியிருக்கான்னு கேட்டாரு. சீட்டைக் காட்டினேன்.”

அதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை. இஸ்ரவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தொடர்ந்தார்.

“கயத்தாறு வரைக்கும் அந்த ஒரு வரியவே படிச்சிட்டு வந்தேன்மா. அவன் பொய் ஒண்ணும் எழுதல. நான் பேசுவேன். முப்பத்தோரு வருஷம் மஸ்கட்ல ஸ்டோர்கீப்பர். பெரிய கிட்டங்கி. சாமான் இருக்கும், ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்கு போன் போடுவேன். லைன்ல பின்னால இருவது பேர் நிப்பான். மூணு நிமிஷந்தான். ஒரு வாரம் சேத்து வச்சதை யூனிஸ்ட்ட மூணு நிமிஷத்துல சொல்லி முடிக்கணும். அதுல வந்த பழக்கம்மா. நிறுத்துனா லைன் போயிரும்னு ஒரு பயம்.”

யூனிஸ் அவர் மனைவி என்று பெர்சிஸுக்குத் தெரியும். கோப்பில் இருந்தது. மூணு நிமிஷம் கோப்பில் இல்லை.

“அந்த ஹோம்லயும் நாலு பேரு இருப்பாங்க. அவங்களுக்கும் இவன் முன்கூட்டியே இதே மாதிரி ஒரு வரி எழுதியிருப்பான்னு தோணிச்சு. என்னைப் பொறுத்துக்கிடணும்னு சொல்லி வச்ச இடத்துக்குப் போக எனக்குக் கால் வரல. வண்டியைத் திருப்புன்னேன்.”

“எங்க போகன்னு கேட்டேன்,” என்றான் செந்தூர்பாண்டி. “தெரியலன்னாரு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். என் வீட்டுக்காரி பீடி சுத்துதா. சார் கதை சொல்லச் சொல்ல அவ பாட்டுக்குச் சுத்துதா. எனக்கும் மதுரை ரோட்டுல மத்தியானம் கண்ணு சொருகும். போன வருஷம் ஒரு லாரிக்குப் பின்னால போய் இடிக்கப் பாத்தேன். சார் பக்கத்துல பேசிட்டு வந்தா தூக்கம் வராது. முன்சீட்டுல ஆள் ஏத்துனா முதலாளி வேலையை விட்டுத் தூக்கிருவாரு. அதான் ஆபீசு தாண்டித் தாழையூத்துல ஏத்திட்டு, சவாரி வாரவங்ககிட்ட அப்பான்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா போனப்ப நான் திருவனந்தபுரம் சவாரியில இருந்தேம்மா,” என்றான்.

தாஜ் முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

கயத்தாறு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, பெர்சிஸ் மெல்போர்னுக்குப் போன் போட்டாள்.

“அப்பா கிடைச்சிட்டாரு. நல்லா இருக்காரு. பக்கத்துலதான் இருக்காரு.”

அந்தப் பக்கம் முதலில் கோபம்தான் வந்தது. “யார் பிடிச்சு வெச்சிருந்தது? அந்த டிரைவர்தானே?” பெர்சிஸ் ஸ்பீக்கரைப் போட்டு முன்சீட்டுக்கு நீட்டினாள்.

“யாரும் பிடிச்சு வைக்கலப்பா,” என்றார் இஸ்ரவேல். “நான்தான் இறங்கல.”

“ஒன்பது நாள்ப்பா! ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் எவ்வளவு...”

“நீ எழுதுனதைப் படிச்சேன் எபி. வண்டிச் சீட்டுல.”

நெடுஞ்சாலையில் ஒரு பஸ் இரைந்துகொண்டு போயிற்று.

“அது... டிரைவர் உங்களை ஏதாவது மரியாதையில்லாம சொல்லிருவாரோன்னு பயந்து போட்டதுப்பா.”

“தெரியும். நீ கெட்டதுக்குப் போடல. எனக்கு அந்த ஹோம் வேண்டாம்ப்பா.”

மகன் வேறொன்று கேட்டான். “மாத்திரை? மாத்திரை சாப்பிடுறாரா?”

கேள்வி யாருக்கு என்று தெரியாமல் எல்லாரும் விழித்தார்கள். செந்தூர்பாண்டி பதில் சொன்னான். “காலையில வெறும் வயித்துல சின்னது ஒண்ணு, எட்டரைக்கு இட்லிக்கு அப்புறம் வெள்ளையும் ரோசும், ராத்திரி பாதி. ரோசு நாளையோட தீருது சார். கோவில்பட்டியில வாங்கணும்.”

மெல்போர்னிலிருந்து வந்த குரலில் இப்போது கோபம் இல்லை.

“எனக்கு ரோஸ் கலர்னுகூடத் தெரியாது,” என்றான் எபனேசர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “மேடம், நான் புகார் கொடுக்கல. ஹோம்லயும் சொல்லிடறேன். அப்பா... நான் வரப் பாக்கிறேன். லீவு கிடைச்சா.”

“சரிப்பா. முடிஞ்சா வா.”

“வச்சிரட்டுமா? மீட்டிங் ஒண்ணு இருக்கு.”

“வச்சிரு.”

பெர்சிஸ் போனை வாங்கி நேரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஏன் பார்த்தோம் என்று இருந்தது.

கோவில்பட்டியில் செந்தூர்பாண்டி மருந்துக்கடைக்கு இறங்கினான். இஸ்ரவேலும் கூடவே போனார். தாஜ் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டான்.

“கேஸ் முடிஞ்சுதுக்கா. எதுத்தாப்புல பஸ் ஸ்டாண்டு. நாலு எட்டு வச்சா நெல்லை பஸ்ஸு. பாளையில போய் ரிப்போர்ட்டு எழுதிரலாம். முதலாளிக்கு என்ன சொல்ல?”

“ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டாம்னு பாதி வழியில சாரே திரும்பிட்டாரு, டிரைவர் பேர்ல தப்பில்லன்னு சொல்லு. அது உண்மைதான். முன்சீட்டு சமாசாரம் நம்மகிட்ட அவரு கேக்கல.”

“கோர்ட்டுல இதைச் சொன்னா எழுதிக்கிடுவிய?”

“எழுதுவேன். பென்சில் கொஞ்சம் தடுமாறும்.”

பஸ் நிலையத்தைப் பார்த்தாள். இப்போது ஏறினால் ஒன்றரை மணிக்கு வீடு. ஓட்டலில் பொட்டலம் வாங்கிக்கொண்டு, படி ஏறி, பூட்டைத் திறந்து, சத்தத்துக்காக டிவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடலாம். நாளைக்கும் அப்படித்தான். அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று பட்டது.

“எறங்கலையா அக்கா?”

“மதுரைக்குத்தான புக் பண்ணியிருக்கு?”

“அது சும்மா...”

“நஸீமா பேர்ல புக் பண்ணியிருக்கு. பாதியில எறங்கினா அவளுக்குக் கெட்ட பேரு. காலை உள்ள எடு.”

வண்டி கிளம்பியது. இருபுறமும் கரிசல் காடு, நடுவில் நேரான சாலை. இஸ்ரவேல் சீட்டில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பேசத் தொடங்கலாமா என்று கேட்கிற முகம். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவர் யாருடைய அப்பாவாகவும் நடிக்க வேண்டியதில்லை. அது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

“என் கதையை விடுங்கம்மா, எல்லாருக்கும் சொல்லித் தீத்தாச்சு,” என்றார். “நீங்க சொல்லுங்க. உங்களுக்குச் சொந்த ஊரு எது? கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?”

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். கேள்வி கேட்பது அவள் தொழில். கடைசியாக அவளை யார் இப்படிக் கேட்டார்கள் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. பதில் எங்கிருந்து தொடங்கும் என்றும் தெரியவில்லை.

“நாசரேத்து பக்கம்,” என்றாள். “நாங்க ரெண்டு பேரு. எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஹெப்ரான்னு பேரு. இல்ல, அதுக்கு முன்னாடி எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும்...”

ஆறு வருடமாகத் தினமும் கூடவே சுற்றியும் அவளுக்கு ஒரு தம்பி இருந்தது தெரியாத தாஜ் முகம்மது, செல்போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சாத்தூர் போய், விருதுநகர் போய், திருமங்கலம் வரும்வரை அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.